சந்தோஷமான பாட்டைக் கேட்டும் அப்பா நினைவில் அழுகை வருவது ஏன்?

கேள்வி இதுதான்: அப்பா இறந்து ஒன்றரை வருடமாகிறது. 'தங்க மீன்கள்' படத்தின் 'ஆனந்த யாழை' பாட்டைக் கேட்டாலே அழுகையை அடக்க முடியவில்லை. அந்தப் பாட்டில் சாவு இல்லை, சோகமும் இல்லை. "சந்தோஷமான பாட்டைப் போட்டு ஏன் அழுகிறாய், அதைக் கேட்காதே" என்கிறார்கள் வீட்டில். பாட்டில் இல்லாத அர்த்தத்தை நானாக ஏற்றிக்கொள்கிறேனா? கேட்பதை நிறுத்திவிட வேண்டுமா?

நிறுத்த வேண்டாம். நீங்கள் ஏற்றிக்கொள்ளும் அர்த்தத்தில் தவறும் இல்லை. ஒருவருடைய இழப்புக்கு எழுந்த பாட்டில் கேட்பவர் தன் இழப்பைக் கொண்டுவந்து வைப்பது நம் ஊரில் புதிய பழக்கம் அல்ல, சாவு வீட்டுப் பாட்டே அப்படித்தான் நடக்கிறது. கிராமங்களில் ஒப்பாரிகளைக் கேட்டு எழுதிவைக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள் நான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலைகளைச் சேர்த்துக்கொண்டு அழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி எடுத்துச் சொல்வாள், மற்றவர்கள் இழுத்து முடிப்பார்கள். புதிதாக ஒருத்தி வாசலில் வந்து நின்றதும் வட்டம் விரிந்து அவளையும் சேர்த்துக்கொள்ளும். அவள் தூரத்து உறவாக இருக்கலாம், பக்கத்துத் தெருக்காரியாகவும் இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் அவள் வாயிலிருந்து 'என்னப் பெத்த அம்மா' என்று வரும். கிடத்தியிருப்பது ஓர் ஆணின் உடலை. அவள் அழுவதோ எப்போதோ போய்ச் சேர்ந்த தன் தாய்க்கு. "இது உன் அம்மா சாவு இல்லையே" என்று அங்கே ஒருவரும் அவளைத் திருத்த மாட்டார்கள். அவள் முறை வரும்போது மற்றவர்கள் அவளுடைய அம்மாவுக்கும் சேர்ந்து இழுத்து அழுவார்கள்.

தமிழ்நாட்டு ஒப்பாரிகளை ஆராய்ந்த இசபெல் கிளார்க்-டெசே என்ற மானிடவியலாளர் 2005-ல் ஒரு நூல் வெளியிட்டார். 'இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை' என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். பெண்கள் அழுவது தங்கள் சொந்தத் துயரத்துக்கு என்று அவர் வாதிடுகிறார். எனக்கு அந்தத் தலைப்பு கொஞ்சம் கடுமையாகப் படுகிறது. இறந்தவருக்காகவும் அழுகிறார்கள், கூடவே தமக்காகவும் அழுகிறார்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அவர் பார்த்த விஷயம் உண்மை. தாயைப் பறிகொடுத்த மகளின் ஒப்பாரியில் பாதி பிறந்த வீட்டைப் பற்றியதாக இருக்கும். இனி நான் வந்தால் யார் கதவைத் திறப்பார்கள், அண்ணி எனக்கு இலை போடுவாளா, பொங்கலுக்குச் சீர் யார் கொண்டுவருவார்கள் என்று கேட்டுக் கேட்டு அழுவாள். கணவனை இழந்தவள் பூவையும் பொட்டையும் சொல்லி அழுவாள். நல்ல காரியங்களில் தன்னை இனி ஒதுக்கிவைக்கப் போகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுவாள். இதையெல்லாம் மற்ற நாளில் அண்ணன் முன்னால் சொன்னால் சண்டையாகிவிடும். சாவு வீட்டில் பாட்டாகச் சொல்லும்போது அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாக வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நேராக வரும் விஷயம் ஒன்று ஒப்பாரியில் இருக்கிறது. இறந்தவரை முன்னால் வைத்துக்கொண்டு அவரிடமே பேசுவதுதான் ஒப்பாரி. 'அவர் நல்லவராக இருந்தார்' என்று மற்றவர்களிடம் சொல்கிற பேச்சே அதில் குறைவு. 'எங்கே போனாய், ஏன் சொல்லாமல் போனாய், எழுந்து வா' என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பதில் வராது என்று தெரியும். தெரிந்தும் கூப்பிடுகிறார்கள்.

இப்போது உங்கள் பாட்டை எடுத்துக்கொள்வோம். 2013-ல் வந்த படம். யுவன் சங்கர் ராஜா இசையில் ஸ்ரீராம் பார்த்தசாரதி பாடியது. எழுதிய நா. முத்துக்குமாருக்கு அந்தப் பாட்டுக்காகத் தேசிய விருது கிடைத்தது. ஓர் அப்பா தன் சின்ன மகளைப் பார்த்து முழுக்க முழுக்க 'நீ' என்று அழைத்துப் பாடுவது அது. ஒப்பாரியில் மகள் அப்பாவைக் கூப்பிடுவாள். இங்கே அப்பா மகளைக் கூப்பிடுகிறார். அப்பா போன பிறகு ஒரு மகளுக்கு இல்லாமல் போவது எது? அவரை நினைக்கலாம், படத்துக்கு மாலை போடலாம், அவரிடம் மனசுக்குள் பேசவும் செய்யலாம். அவர் நம்மை அழைப்பது மட்டும் நின்றுவிடுகிறது. ஒரு ஆண் குரல் கனிவாக 'நீ' என்று பேசும்போது உங்கள் உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்கிறது. அந்த வரிகள் சந்தோஷமானவையாக இருப்பதால்தான் அழுகை இன்னும் அதிகமாக வருகிறது என்பது என் எண்ணம். சோகமான பாட்டாக இருந்தால் நீங்கள் முன்கூட்டியே மனசைத் தயார்படுத்திக்கொண்டிருப்பீர்கள்.

இந்தப் பாட்டுக்கே இப்படி ஒரு திருப்பம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. நா. முத்துக்குமார் சிறு வயதிலேயே தாயை இழந்தவர். 2016 ஆகஸ்ட் 14-ஆம் தேதி 41 வயதில் அவரும் இறந்துபோனார், தன் பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போதே. அதற்குப் பிறகு இந்தப் பாட்டை முன்போலவே கேட்க முடிந்தவர்கள் குறைவு. பாட்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை. கேட்பவர்களுக்குத் தெரிந்த விஷயம் மாறியது, அவ்வளவுதான். எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பர் 25 அன்று மறைந்தபோது இன்னும் பெரிதாக இது நடந்தது. 'உதயகீதம்' படத்தின் 'சங்கீத மேகம்' மேடையில் உற்சாகமாகப் பாடுகிற பாட்டு. உடல் மறைந்தாலும் இசையாக மலர்வேன் என்ற பொருளில் அதில் ஒரு வரி உண்டு. 1985-லிருந்து அந்த வரியை நாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அன்று ஒரே நாளில் அது அஞ்சலிப் பாட்டாகிவிட்டது, ஊர் முழுக்க அந்த வரியைத்தான் பகிர்ந்துகொண்டிருந்தது. 1992-ல் 'மன்னன்' படத்தில் ஜேசுதாஸ் பாடிய அம்மா பாட்டும் அப்படித்தான். படத்தில் அந்த அம்மா உயிரோடு மகன் முன்னால் இருக்கிறார். நம் வீடுகளில் அது அம்மாவின் நினைவு நாளில் ஒலிக்கிறது.

சரி, அப்படியானால் எந்தப் பாட்டிலும் எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாமா, பாட்டின் சொற்களுக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். நிறைய வேலை இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது சங்கப் பாட்டுதான்.

அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235-ஆம் பாட்டு. பெரிய மன்னன், போரில் விழுந்தவன். அவன் வென்ற போர்களை அடுக்கியிருக்கலாம். ஔவை தொடங்குவது கள்ளில். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். எலும்போடு கறி கிடைக்கிற இடமெல்லாம் எங்களுக்குக் கொடுப்பான், அம்பும் வேலும் பாய்கிற இடமெல்லாம் தானே நிற்பான். அப்புறம் வருகிறது இந்த வரி: 'நரந்தம் நாறும் தன்கையால் புலவுநாறும் என்தலை தைவரும் மன்னே'. வாசனை பூசிய தன் கையால் கவிச்சி அடிக்கும் என் தலையைத் தடவிக்கொடுப்பானே, இனி அது இல்லையே என்கிறார்.

கவிச்சி அடிக்கும் தலை என்று ஒரு புலவர் தன்னைப் பற்றிச் சொல்கிறார். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடம் ஆகியும் அந்தக் கை எப்படித் தடவியிருக்கும் என்று நமக்குத் தெரிகிறது. நம்மில் யாருக்கும் வள்ளல் கிடையாது, பாணர் வாழ்க்கையும் கிடையாது. ஆனாலும் இதைப் படித்தவுடன் நம் தலையில் வைத்த ஒரு கை நினைவுக்கு வரும். பொதுவாகச் சொல்லியிருந்தால் வந்திருக்காது. 'அன்பாக இருந்தான்' என்றிருந்தால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்போம். துல்லியமாக ஒன்றைச் சொல்லும்போதுதான் அதே அளவு துல்லியமான நம் சொந்த நினைவு ஒன்று கிளம்புகிறது. என் மாணவி ஒருத்திக்கு அந்த வரி அவள் அப்பாவின் ஆயில் படிந்த விரல்களாக ஆனது. அவர் மெக்கானிக். ஔவை நினைத்த கையும் அவள் நினைத்த கையும் வேறு. இருந்தாலும் அவள் தப்பாகப் படித்தாள் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதே புறநானூற்றில் 242-ஆம் பாட்டு இன்னொரு விதம். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்துவிட்டான். குடவாயிற் கீரத்தனார் பாடுகிறார். இளைஞர் சூட மாட்டார்கள், வளையணிந்த பெண்கள் பறிக்க மாட்டார்கள், பாணனும் சூட மாட்டான், பாடினியும் அணிய மாட்டாள், இந்த ஒல்லையூர் நாட்டில் முல்லையே நீயும் பூத்தாயோ என்று பூவிடம் கேட்கிறார். துக்கத்தில் வருகிற கோபம் இது. அப்பாவைத் தகனம் செய்துவிட்டு வரும் வழியில் டீக்கடை திறந்திருப்பதைப் பார்த்து, எப்படி இவர்களால் டீ ஆற்ற முடிகிறது என்று ஒரு நொடி ஆத்திரம் வந்திருக்கும் உங்களுக்கும். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள், சொன்னால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஒரு நல்ல பாட்டு அதை நமக்கு முன்னாலேயே சொல்லிவைத்திருக்கும்.

பாரியின் மகளிர் பாடிய 112-ஆம் பாட்டு பள்ளிப் பாடத்திலேயே வந்திருக்கும். ஐந்தே வரி. அன்றைய நிலவில் எங்கள் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் குன்றையும் வேந்தர் கொண்டார், தந்தையும் இல்லை. 1966-ல் 'நாடோடி' படத்துக்குக் கண்ணதாசன் அந்த நிலவை எடுத்துக் காதல் பாட்டாக்கினார். அன்றொரு நாள் இதே நிலவில் அவர் என் அருகே இருந்தார் என்று ஒரு பெண் பாடுகிறாள். தந்தைக்கான அழுகை காதலனுக்கான ஏக்கமாக மாறியது. இது தகுமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. நிலவு அதேதான், பார்ப்பவள் பக்கத்தில் ஒருவர் குறைந்திருக்கிறார். அந்த இடத்தில் யாரை வைப்பது என்பதைக் கண்ணதாசன் தீர்மானித்ததுபோல, நீங்களும் உங்கள் பாட்டில் தீர்மானித்துக்கொள்கிறீர்கள்.

கண்ணதாசனைச் சொன்னதும் ஆண்களைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஒப்பாரி பெண்களுடையது. நம் ஊர்களில் ஆணுக்குக் கொள்ளி வைக்கவும் மொட்டை போடவும் உரிமை உண்டு, வாய்விட்டு அழ இடமில்லை. அந்த இடத்தை நிரப்பியது டி.எம்.எஸ். குரல் என்று நினைக்கிறேன். 'பாலும் பழமும்' (1961) படத்தின் 'போனால் போகட்டும் போடா', 'பாத காணிக்கை' (1962) படத்தின் 'வீடு வரை உறவு' இரண்டும் கண்ணதாசன் எழுதியவை. எத்தனையோ ஊர்களில் துக்க வீட்டு மைக் செட்டில் பாடியவை. இரண்டாவது பாட்டுக்குப் பின்னால் பட்டினத்தார் இருக்கிறார். பெண்கள் வீதிவரை, பிள்ளைகள் சுடுகாடுவரை என்று அவர் சொன்ன வரிசைதான் அதில் வருகிறது. அந்தப் பட்டினத்தாரோ எல்லாவற்றையும் துறந்தவர். தாய் இறந்ததும் ஓடிவந்து, 'அரிசியோ நான் இடுவேன் ஆத்தாள் தனக்கு' என்று வாய்க்கரிசி போட மாட்டாமல் அழுதவர். துறவியே அழுதார் என்பது எத்தனையோ மகன்களுக்கு ஒரு அனுமதியாக இருந்திருக்கிறது. வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடுவதையும் இந்த வரிசையில்தான் நான் வைப்பேன். அங்கே ஆண்கள் பாடுகிறார்கள், ஆண்கள் அழுகிறார்கள்.

இசையைப் பற்றிச் சுருக்கமாக. சில ராகங்களில் சோகம் இருக்கிறது என்பார்கள். புலம்புகிறவரை 'முகாரி பாடாதே' என்கிறோம். ஆனால் தியாகராஜரின் 'எந்தனினே' கீர்த்தனை முகாரியில்தான் இருக்கிறது, அது ராமனுக்குப் பழம் கொடுக்கக் கிடைத்த சபரியின் பாக்கியத்தைக் கொண்டாடும் பாட்டு. ஷெனாயைப் பாருங்கள். வடக்கே அது கல்யாண வாத்தியம். இங்கே ஒரு தலைமுறைக்கு, தலைவர்கள் இறந்த நாட்களில் வானொலியில் கேட்டதும் சினிமாவில் சாவுக் காட்சிகளில் கேட்டதும் சேர்ந்து, ஷெனாய் ஒலித்தாலே யாரோ போய்விட்டார்கள் என்று தோன்றும். ஒரு ஒலியை முதலில் எந்தச் சூழலில் கேட்டோமோ அது நம்மோடு தங்கிவிடுகிறது. உங்கள் பாட்டை அப்பாவோடு காரிலோ டிவி முன்னாலோ கேட்ட ஒரு நாள் இருந்தால், அந்த நாளும் அந்த மெட்டுக்குள் இருக்கும்.

ஆய்வாளர்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள். லீலா தருஃபி, ஸ்டெஃபான் கோல்ஷ் இருவரும் 2014-ல் வெளியிட்ட இணையக் கணக்கெடுப்பில் 772 பேர் கலந்துகொண்டார்கள். சோக இசை கேட்கும்போது அதிகமாக எழுவதாக அவர்கள் சொன்னது சோகத்தை அல்ல, பழைய நினைவுகளின் ஏக்கத்தை. மனசுக்கு ஆறுதல், அமைதி என்றும் பலர் சொன்னார்கள். அதாவது உங்களைப் போலக் கேட்பவர்கள் நிறையப் பேர், அவர்கள் தங்களை வதைத்துக்கொள்ளக் கேட்கவில்லை.

இன்னொரு காரணமும் உங்களுக்கு இருக்குமோ என்று யோசிக்கிறேன். கொரோனா காலத்தில், 2020 ஊரடங்கில், இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அப்போது பெற்றோரை இழந்த பலர், அழ ஆள் சேரவில்லை என்பதை இன்றும் சொல்லி மாய்கிறார்கள். இப்போது கட்டுப்பாடு இல்லை. ஆனால் நகரத்தில் மின்மயானத்தில் கொடுக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஃபிரீசர் பாக்ஸைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம். வட்டம் கூடுவதில்லை, எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் அப்பாவின் சாவிலும் அப்படி நடந்திருந்தால், அன்று அழ விடாத அழுகை இப்போது ஒரு நாலு நிமிடப் பாட்டைப் பிடித்துக்கொண்டு வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

எப்போது கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு முடிந்து அழுதபின் கொஞ்சம் லேசாக இருக்கிறதா, மற்ற வேலைக்குத் திரும்ப முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறதென்றால் கவலையில்லை. அழுத பிறகும் அதே எண்ணம் சுழன்றுகொண்டே இருந்தால், 'நான் இதைச் செய்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரோ' என்று பாட்டு ஒவ்வொரு முறையும் குற்ற உணர்ச்சியில் கொண்டுபோய் விட்டால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், கேட்பதைச் சில வாரம் தள்ளிவைத்துவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் இலவசமாகவே பேசலாம்.

மற்றபடி, இந்த அழுகை ஒரு நாள் நின்றுபோனால் அதற்கும் பதற வேண்டாம். எரிக் கிளாப்டன் என்ற ஆங்கிலேயப் பாடகரின் நான்கு வயது மகன் 1991 மார்ச்சில் நியூயார்க்கில் 53-ஆவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தான். அந்தத் துக்கத்தில் அவர் சேர்ந்து எழுதிய 'டியர்ஸ் இன் ஹெவன்' உலகம் முழுக்கப் பிள்ளையை இழந்தவர்களின் பாட்டானது, 1993-ல் கிராமி விருதுகளும் பெற்றது. 2004-ல் அவர் அதை மேடையில் பாடுவதை நிறுத்தினார். அந்த இழப்பின் உணர்வு இப்போது தனக்குள் இல்லை, அது இல்லாமல் அதைப் பாட முடியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். சில வருடம் கழித்து மறுபடியும் பாடினார். அவர் பாடாத அந்த வருடங்களில் வேறு எத்தனையோ அப்பாக்களுக்கு அது தேவையாக இருந்துகொண்டுதான் இருந்தது. மகனை மறந்துவிட்டார் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. உங்களுக்கும் ஒரு காலத்தில் 'ஆனந்த யாழை' வெறும் நல்ல பாட்டாக மட்டும் கேட்கலாம், பிறகு ஏதோ ஒரு நாளில், உங்கள் கல்யாண வீட்டிலோ உங்கள் குழந்தையைத் தூங்க வைக்கும்போதோ, பழையபடி வந்து பிடித்துக்கொள்ளலாம்.

கடைசியாக வீட்டைப் பற்றி. 'கேட்காதே' என்று சொல்வது அம்மாவாக இருந்தால், அவருக்கும் அந்தப் பாட்டு தாங்க முடியவில்லை என்பதே காரணமாக இருக்கக்கூடும். அவர் இழந்தது கணவரை. உங்கள் பாட்டில் அவருக்கு இடமே இல்லை, அப்பாவும் மகளும் மட்டும்தான் இருக்கிறார்கள். அதனால் அவர் முன்னால் அதை ஸ்பீக்கரில் போடாதீர்கள். ஒரு நாள் சாவகாசமாக, அப்பா முணுமுணுத்த பாட்டு எது, கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் கேட்ட பாட்டு எது என்று அம்மாவிடம் கேளுங்கள். ஒன்று சொல்வார். அதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அவர் அழுதால் நிறுத்தச் சொல்லாதீர்கள்.